பரீட்சை அட்டையும் உதட்டுச்சாயக் குழாயும்

பரீட்சைக்குக் கொண்டுபோகிற அட்டையை ஒருமுறையாவது திருப்பிப் பார்த்திருப்பீர்கள். எழுதுகிற பக்கம் வழவழப்பு. பின்பக்கம் வலை பதிந்ததுபோல் சொரசொரப்பு. தச்சர்கள் இதை ஹார்டுபோர்டு என்பார்கள். அலமாரியின் முதுகுப் பலகை, சுவர்க் கடிகாரத்தின் பின்மூடி என்று யார் கண்ணிலும் படாத இடங்களுக்கென்றே பிறந்த சரக்கு.

அமெரிக்காவில் இதற்கு மேசனைட் என்று பெயர். மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்ற ஊரில் 1924இல் வில்லியம் மேசன் என்பவர் கண்டுபிடித்தார். மரமில்லில் மிஞ்சிய சிராய்களை நீராவி அழுத்தத்தில் அடைத்து, சட்டென்று திறந்துவிட்டால் மரம் வெடித்து நார்நாராகும். அந்த நாரைச் சூட்டோடு அழுத்தினால் பலகை. பசைகூடத் தேவையில்லை, மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கழிவுப் பலகையில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்யலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. பெயர் நேதன் டேனியல். நண்பர்களுக்கு நேட்.

நேட் டேனியல் கிட்டார் வாசிப்பவர் அல்ல, மரவேலைக்காரரும் அல்ல. 1912இல் நியூயார்க்கில் பிறந்த மின்னணுக்காரர். 1930களில் எபிஃபோன் கம்பெனிக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தார். போர்க் காலத்தில் நியூஜெர்சியின் ஃபோர்ட் மன்மத் ராணுவ முகாமில் தகவல்தொடர்புப் பிரிவுக்காக வேலை பார்த்தார். போர் முடிந்ததும் அதே மாநிலத்தின் ரெட் பேங்க் ஊரில் டேன்எலெக்ட்ரோ என்று சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். முதலில் ஆம்ப் மட்டும்தான். பெரிய தபால் வணிக நிறுவனங்கள் வாங்கித் தங்கள் பெயர் ஒட்டி விற்றன. அவற்றில் பெரியது சியர்ஸ். அது ஒட்டிய பெயர் சில்வர்டோன். கிட்டார் செய்ய ஆரம்பித்தது 1954இல்.

கிட்டார் செய்யும் பரம்பரையில் வந்தவர்களுக்கு மரத்தின் மேல் ஒரு பக்தி உண்டு. இந்த மேப்பிள், அந்த மஹோகனி, எத்தனை வருடம் உலர்ந்தது என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். டேனியலிடம் அந்தப் பக்தி இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் காதுக்கு வருவது கம்பி அதிர்வதும், அதைப் பிக்கப் மின்சாரமாக்குவதும், ஆம்ப் அதைப் பெருக்குவதும்தானே என்ற பொறியாளர் கணக்கு அவருடையது. உடம்பு கம்பியை இறுகத் தாங்கினால் போதும். ஆகவே பாப்லர் மரத்தில் ஒரு சட்டம், நடுவில் ஒரு கட்டை, முன்னும் பின்னும் மேசனைட் பலகை. உள்ளே பாதி வெற்றிடம். பலகையின் வெட்டுவிளிம்பு அசிங்கமாகத் தெரியும் என்பதால் சுற்றிலும் வினைல் நாடா ஒட்டினார். செதுக்குவதற்கும் மெருகேற்றுவதற்கும் ஆகும் கூலி இதில் ஓரளவு மிச்சம். 1956 முதல் இதுவே அவருடைய கிட்டார்களின் உடம்பு.

பிக்கப் இன்னும் வேடிக்கை. காந்தப் பட்டையின் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, நாடா ஒட்டினால் வேலை முடிந்தது. இதை மூட ஓர் உறை வேண்டும். உதட்டுச்சாயத்துக்குக் குழாய் செய்கிற இடத்திலிருந்து குழாய்களை வாங்கி, இரண்டை வாயோடு வாய் சேர்த்து அதற்குள் பிக்கப்பை நுழைத்தார். பளபளவென்று அழகு. அதோடு, உலோகக் குழாய் சுற்றி நிற்பதால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலும் ஓரளவு தடைபடும். ஒரே குழாயில் அழகும் காரியமும் முடிந்தன. இன்றைக்கும் அந்தப் பிக்கப்புக்கு லிப்ஸ்டிக் பிக்கப் என்றே பெயர், தயாரிப்பது யாராக இருந்தாலும்.

சிக்கனக்காரர்கள் இரண்டு வகை. எங்கே குறைத்தால் வாங்குகிறவனுக்குத் தெரியாது என்று பார்ப்பவர் ஒருவர். எங்கே குறைத்தால் வாசிக்கிறவனுக்கு நஷ்டமில்லை என்று பார்ப்பவர் இன்னொருவர். டேனியலை நான் இரண்டாம் வகையில் வைப்பேன். காரணம், அவர் குறைக்காத இடங்கள். விரல் ஊரும் பலகைக்கு நல்ல ரோஸ்வுட் போட்டார். கழுத்து வளையாதிருக்க உள்ளே இரண்டு எஃகுக் கம்பிகளைப் பதித்தார். கம்பிகள் தலைப் பக்கம் ஏறி இறங்கும் நட்டை அலுமினியத்தில் செய்தார். கை படுகிற இடத்துக்கும் சுருதி நிற்கிற இடத்துக்கும் செலவழித்துவிட்டு, கண் மட்டும் படுகிற இடத்தில் பரீட்சை அட்டையைப் போட்டார் என்று சொல்லலாம்.

குறைகளும் உண்டு. அவற்றை மறைத்துப் புகழ்பாடுகிற ரசிகர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கம்பிகள் வந்து உட்காரும் ப்ரிட்ஜில் ஆறு கம்பிகளுக்கும் சேர்த்து ஒரே மரத்துண்டு. அதைச் சாய்த்து நகர்த்திப் பொதுவாகச் சரிக்கட்டலாமே தவிர, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகச் சுருதி திருத்த வழியில்லை. திறந்த கம்பியில் சேர்ந்து நிற்கும் சுருதி, மேல் ஃபிரெட்டுகளுக்குப் போகப் போக லேசாகப் பிசகும். கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளையும் திருகிச் சரிசெய்ய முடியாது. கழுத்து நேராக நின்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஒலி எப்படி? இந்த வகையின் மறுபதிப்பு ஒன்றைச் சில காலம் வாசித்திருக்கிறேன். மடியில் வைத்ததும் முதலில் தெரிவது கனமின்மை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுதானே. ஆம்பில் செருகாமல் தட்டினாலே கணீரென்று சின்னதாக ஒரு பதில் வரும். செருகினால் மெல்லிய, தெளிவான, கொஞ்சம் கண்ணாடித்தனமான நாதம். கனத்த இரைச்சல் இசைக்கு ஏற்றதென்று முதல் கேட்பில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இரண்டு பிக்கப் உள்ள மாடலில் சுவிட்சை நடுவில் வைத்தால் ஒலி திடீரென்று தடித்துக்கொள்ளும். மற்றக் கம்பெனி கிட்டார்களில் பெரும்பாலும் இரண்டு பிக்கப்பையும் பக்க இணைப்பில் சேர்ப்பார்கள். டேனியல் தொடர் இணைப்பில் சேர்த்தார். இரண்டின் மின்னழுத்தமும் கூடிக்கொள்வதால் ஆம்ப் திமிறும். இது பள்ளிக்கூட இயற்பியல்தான், ஆனால் விரல் நுனியில் கேட்கும்போது மந்திரமாகத் தோன்றும்.

இந்தக் கிட்டார் தொழிற்சாலையிலிருந்து எங்கே போனது என்பதில்தான் அதன் வாழ்க்கை ஆரம்பமாகிறது. இசைக் கருவிக் கடைக்குப் போனவை கொஞ்சம். பெரும்பங்கு சிகாகோவின் சியர்ஸ் வழியாகப் போனது. சியர்ஸ் என்றால் பட்டியல். தலையணை கனத்தில் ஒரு புத்தகம், அதில் சட்டை முதல் டிராக்டர் உதிரிபாகம் வரை. 1896இல் கிராமங்களுக்கு இலவச வீட்டு விநியோகத் தபால் தொடங்கிய பிறகு, கடைத்தெருவே இல்லாத ஊரின் வாசலுக்கும் இந்தப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவர் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் வெள்ளையரை எல்லாம் கவனித்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார், சரக்கிலும் மட்டமானதைத்தான் நீட்டுவார். தபாலில் வாங்குகிறவரின் நிறத்தைப் பட்டியல் கேட்கவில்லை. ப்ளூஸ் இசையின் பழைய தலைமுறையில் பலர் கைக்குக் கிட்டார் வந்த வழிகளில் இந்தத் தபால் வழி முக்கியமானது. எலெக்ட்ரிக் காலத்தில் சில்வர்டோன் அந்தத் தடத்தில் வந்தது.

கருவிக்குக் காசு சேர்ந்தாலும் இன்னொரு தடை இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியாக வாங்கிப் பயனில்லை, ஆம்ப் வேண்டும். இரண்டையும் எடுத்துச் செல்லப் பெட்டி வேண்டும். பையன் ஒரு மாதத்தில் சலித்துப்போனால் என்ன செய்வது என்று அப்பா கணக்குப் போடுவார். எல்லா ஊர் அப்பாக்களும் போடுகிற கணக்குதான். இந்த இடத்தில் டேனியலின் தொழிற்சாலை, அதற்குள் ரெட் பேங்கிலிருந்து பக்கத்து நெப்டியூன் ஊருக்கு மாறிவிட்டிருந்தது, ஒரு யுக்தி செய்தது. கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே ஆம்பை வைத்துவிட்டது. பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்து, பெட்டியையே நிமிர்த்தி நிறுத்தி, ஒயரைச் செருகினால் கச்சேரி ரெடி.

1962இல் சியர்ஸ் பட்டியலில் வந்த அந்த மாடலின் எண் 1448. கறுப்பு உடம்பு, வெள்ளை வினைல் விளிம்பு, ஒரு லிப்ஸ்டிக் பிக்கப், 18 ஃபிரெட். பெட்டிக்குள் மூன்று வால்வு ஆம்பும் 5 அங்குல ஸ்பீக்கரும். கற்றுக்கொள்ளப் புத்தகமும் இசைத்தட்டும் கூடவே. விலை 67 டாலர் 95 சென்ட். இரண்டு பிக்கப், 8 அங்குல ஸ்பீக்கர், ஒலியை நடுங்கவைக்கும் ட்ரெமலோ எல்லாம் கொண்ட அண்ணன் 1449க்கு 99 டாலர் 95 சென்ட். அப்போது அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட். கணக்குப் போட்டால், ஏறத்தாழ ஒன்றரை வார உழைப்பில் 1448 வீட்டுக்கு வந்துவிடும். அதே ஆண்டு ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் விலை 250 டாலருக்கு மேல். அதில் ஆம்ப் சேர்த்தி இல்லை.

1964 பிப்ரவரி 9ஆம் தேதி பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சலிவன் நிகழ்ச்சியில் தோன்றினார்கள். ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து எந்தப் பையன் கிட்டார் கேட்கவில்லை என்று எண்ணுவதுதான் சுலபம். பெட்டி ஆம்ப் கிட்டார்கள் கராஜுகளிலும் நிலவறைகளிலும் முழங்கின. அந்தச் சின்ன ஸ்பீக்கர், ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலே உறுமத் தொடங்கும். அந்த உறுமலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் பிறகு கராஜ் ராக் என்று பெயர் வாங்கியது.

இந்தக் குடும்பத்தின் கிட்டார்கள் யார் யார் கைக்குப் போயின என்று பார்த்தால் சுவாரஸ்யம். ஜெர்ரி கார்சியாவுக்கு 1957 ஆகஸ்டில் 15 வயது முடிந்தபோது அம்மா பிறந்தநாள் பரிசாக அக்கார்டியன் வாங்கிக் கொடுத்தார். பையன் முகம் சுண்டிப்போயிற்று. அக்கார்டியனை அடகுக் கடைக்குக் கொண்டுபோய், பதிலுக்கு ஒரு டேன்எலெக்ட்ரோவும் சின்ன ஆம்பும் வாங்கி வந்தார்கள். பிற்காலத்தில் கிரேட்ஃபுல் டெட் குழுவை நடத்திய கார்சியாவின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் அது. அந்த அக்கார்டியனை யார் வாங்கினாரோ, அவருக்கும் ஒரு கதை இருந்திருக்கும்.

சியாட்டிலில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் திருட்டுப் போயிற்று. அடுத்து அவர் கைக்கு வந்தது டேன்எலெக்ட்ரோ செய்த சில்வர்டோன். அதற்குச் சிவப்புச் சாயம் பூசி, காதலியின் பெயரைச் சூட்டினார். பெட்டி ஜீன். ராணுவத்தில் சேர்ந்து கென்டக்கியின் ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமில் இருந்தபோது, கிட்டாரை அனுப்பிவையுங்கள் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதி வரவழைத்துக்கொண்டார். தபாலில் விற்றுப் பிழைத்த இனம், மீண்டும் ஒருமுறை பயணப்பட்டது.

ஏழைப் பையன்கள் மட்டும் வாங்கினார்கள் என்று நினைக்கவேண்டாம். 1956இல் டேனியல் ஆறு கம்பி பேஸ் கிட்டார் ஒன்றும் கொண்டுவந்தார். சாதாரணக் கிட்டாரை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியதுபோல. க்ளென் கேம்ப்பெல் 1968இல் பாடிய 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டில் நடுவே தடித்த குரலில் ஒரு தனி வாசிப்பு வரும். பதிவுக்கூடத்தில் பேஸ் வாசித்த கேரல் கேயிடமிருந்து டேன்எலெக்ட்ரோவை வாங்கி, கேம்ப்பெல் வாசித்தது. லெட் ஸெப்பலினின் ஜிம்மி பேஜ், விலையுயர்ந்த கிப்ஸன்கள் வரிசையாகக் காத்திருக்க, 'காஷ்மீர்' பாட்டுக்கு மேடையில் எடுத்தது இரண்டு கொம்பு வைத்த டேன்எலெக்ட்ரோவை. அந்தப் பாட்டுக்குக் கம்பிகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சேர்த்திருப்பார். தம்புரா போல ஆதார சுருதி விடாமல் ஒலிக்கும் அந்த முறையில், கம்பிகள் ஒன்றையொன்று மூழ்கடிக்காமல் தனித்தனியாகக் கேட்கவேண்டும். மெலிந்த பிக்கப் அங்கே பலவீனமாக இல்லை.

தம்புரா என்றதும் இன்னொன்று. தம்புராவின் குதிரையில் கம்பிக்கும் குதிரைக்கும் இடையே நூலை நகர்த்தி ஜீவன் பிடிப்பார்களே, அந்த ரீங்காரத்தைக் கிட்டாரில் கொண்டுவர 1967இல் டேன்எலெக்ட்ரோ ஒரு கருவி செய்தது. வின்னி பெல் என்ற ஸ்டூடியோ வாசிப்பாளரோடு சேர்ந்து உருவாக்கிய கோரல் எலெக்ட்ரிக் சித்தார். வாசிக்க ஆறு கம்பி, கூடவே முனக 13 கம்பி, கம்பி உரசி ரீங்கரிக்கும்படி தட்டையான ப்ரிட்ஜ். ரவிசங்கர் பலவருடம் உட்கார்ந்து கற்றதை நின்றபடி ஒரே நாளில் வாசிக்கலாம் என்பது யோசனை. சித்தார் ஆகவில்லை. ஆனால் ஸ்டீவி வொண்டர், ஸ்டீலி டேன் பாட்டுகளில் அதன் குரலைக் கேட்டால், வேறெதுவோ ஒன்று ஆகியிருக்கிறது என்று தெரியும்.

அதற்குள் கம்பெனி கைமாறிவிட்டது. 1966இல் எம்.சி.ஏ. என்ற பெரிய கேளிக்கை நிறுவனம் வாங்கியது. ஜப்பானிலிருந்து மலிவான கிட்டார்கள் இறங்கிக்கொண்டிருந்த காலம். மொத்தமாக வாங்கும் சியர்ஸை நம்பி வளர்ந்த தொழிற்சாலை, சின்னச் சின்ன இசைக் கடைகளைத் தேடிப்போய் விற்கும் புதிய வழியில் கால் ஊன்றவில்லை. 1969இல் நெப்டியூன் தொழிற்சாலையை மூடினார்கள். மிஞ்சிய உதிரிபாகங்களை டேன் ஆம்ஸ்ட்ராங் என்ற கிட்டார்க்காரர் வாங்கி, வேறு பிக்கப் போட்டுத் தன் பெயரில் கொஞ்சம் விற்றார். நேட் டேனியல் பிற்காலத்தில் ஹவாய்க்குக் குடிபோய், 1994இல் காலமானார். சியர்ஸ் தன் பெரிய பட்டியலை நிறுத்தியது 1993இல்.

விற்றுப்போன கிட்டார்களுக்கு அப்புறம் இருண்ட காலம். பையன்கள் வேலைக்குப் போனார்கள், பெட்டிகள் பரணுக்குப் போயின. வீடு மாறும்போது வாசலில் வைத்து ஐந்துக்கும் பத்துக்கும் விற்றார்கள். அடகுக் கடைச் சுவர்களில் தொங்கின. பலவற்றை உடைத்துப் பிக்கப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். டெக்ஸஸின் ஸ்டீவி ரே வானுக்கு, டாலஸில் கடை வைத்திருந்த சார்லி விர்ஸ் செய்துகொடுத்த வெள்ளைக் கிட்டாரில் இருந்தவை டேன்எலெக்ட்ரோ லிப்ஸ்டிக் பிக்கப்புகள். 1990களில் பெக் என்ற பாடகர் மேடைக்கு 1448ஐயே எடுத்து வந்தார். சிறுவர்கள் கற்றுக்கொள்ளச் செய்த கருவி, வாத்தியார் இல்லாமல் வளர்ந்தவர்களின் அடையாளமாகிவிட்டது. விலையும் ஏறியது. அப்பாவின் கணக்குக்கு ஏற்பச் செய்த பொருளை இப்போது சேகரிப்பாளர்தான் வாங்க முடிகிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் உண்டு.

அந்த எரிச்சலுக்கு ஓரளவு மருந்தும் வந்தது. ஸ்டீவ் ரைடிங்கர் என்பவரின் எவெட்ஸ் நிறுவனம் டேன்எலெக்ட்ரோ என்ற பெயரை வாங்கி, 1990களின் இறுதியில் பழைய வடிவங்களை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்டீவ் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் எவெட்ஸ். முதலில் கொரியாவில் செய்தார்கள், பிறகு சீனாவில். மேசனைட் பலகை, வினைல் விளிம்பு, லிப்ஸ்டிக் பிக்கப் எல்லாம் அப்படியே. சில மாடல்களில் ஒவ்வொரு கம்பிக்கும் தனியாகச் சுருதி திருத்தும் ப்ரிட்ஜும் வந்துவிட்டது. டேனியல் இருந்திருந்தால், அதற்கு எத்தனை சென்ட் கூடுதலாகிறது என்று கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பழைய 1448ஐத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடிக்கிற நண்பர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். முதலில் கழுத்தைப் பாருங்கள். தலைப் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். திருகிச் சரிசெய்ய வழியில்லாத கழுத்து என்பதால், வளைந்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். வினைல் விளிம்பு உரிந்திருந்தால் கவலையில்லை, ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியில் இருக்கும் ஆம்பைக் கண்டவுடன் ப்ளக்கில் செருகாதீர்கள். அறுபது வருடத்து கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். அந்தக் கால ப்ளக்குக்கு இரண்டே கால், எர்த் கிடையாது. கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் வாய் வைத்தால் ஷாக் அடிக்க வாய்ப்புண்டு. அமெரிக்க மின்னழுத்தத்துக்குச் செய்தது என்பதால் நம் ஊரில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். வால்வு ரேடியோ பழுது பார்த்துப் பழகிய ஒருவரிடம் கொடுத்து, கெப்பாசிட்டர்களை மாற்றி, மூன்று கால் ஒயர் போட்ட பிறகுதான் சுவிட்ச்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும், பெட்டியும் கிட்டாரும் ஒரே ஜோடிதானா என்று. பெட்டி ஈரத்தில் ஊறிப் பிளந்துபோனதால் கிட்டார் மட்டும் மிஞ்சியிருக்கும். இல்லாவிட்டால் கிட்டாரை ஒரு பேரனும் ஆம்புள்ள பெட்டியை இன்னொரு பேரனும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பழைய கருவிச் சந்தையில் பெட்டி மட்டும் ஒரு விலைக்கும், கிட்டார் மட்டும் ஒரு விலைக்கும் வருவதுண்டு. இரண்டையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்து வைப்பவர்கள் கடைசியில், சியர்ஸ் கேட்ட 67 டாலர் 95 சென்ட்டைப் போலப் பல மடங்கைக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கற்பிக்கும் இசைத்தட்டு மட்டும் இன்னும் கிடைத்திருக்காது.